கஞ்சி போட்ட புத்தகங்கள்

எங்கள் பல்கலைக்கழக வளாகத்து நூலகத்தைக் கையால் கட்டியவர் தண்டாயுதபாணி என்று சொன்னால் அது மிகையில்லை. அந்த மனிதர் 1985-இல் தானாகக் கேட்டுத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நூலகத்து வாசலை மிதிக்கவில்லை. ஏன் என்று பலர் கேட்டார்கள். யாரோடோ சண்டை என்றார்கள் சிலர். அவர் காய்ச்சிய கஞ்சியைச் சொல்லிச் சிரித்தார்கள் சிலர். பதினோரு வருஷம் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்த டைப்பிஸ்ட் நான். எனக்குக் காரணம் தெரியும். அதில் பாதி நான்தான்.

பல்கலைக்கழகம் எங்கள் பக்கம் பட்ட மேற்படிப்பு மையம் ஒன்றை 1974-இல் தொடங்கியது. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் ஒரு வாடகைக் கட்டடம். நூலகம் என்று எங்களுக்கு ஒதுக்கியது இரண்டு அறை, ஒரு மின்விசிறி, அறுநூற்றுச் சொச்சம் புத்தகம். புத்தகம் வைக்க அலமாரி கிடையாது. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். அந்தக் கடிதங்களை அடுக்கி வைக்கவே ஒரு அலமாரி வேண்டியிருந்தது.

தண்டாயுதபாணி காத்திருக்கிற ஆள் இல்லை. நாமக்கல்லுக்குப் போய், லாரி பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லி, இரும்பு ஆங்கிளும் லாரிப் பலகையும் வைத்து ஏழு ரேக் செய்துகொண்டு வந்துவிட்டார். பட்டறைக்காரர் பழக்க தோஷத்தில் பச்சைப் பெயின்ட் அடித்து, ஓரத்தில் மஞ்சள் கோடும் இழுத்து அனுப்பியிருந்தார். "ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதாம உட்டாரே, அதுவே பெருசு" என்றேன். தண்டாயுதபாணி சிரிக்காமல், "நல்லா வெயிட்டுத் தாங்குமுங்க" என்றார். தாங்கின. இன்றைக்கும் தாங்குகின்றன.

அவருக்கு அப்போது முப்பது வயது. ராசிபுரத்துத் தறி வீட்டுப் பிள்ளை. பள்ளி இறுதி முடித்து, நூலகச் சான்றிதழ் படிப்பும் படித்திருந்தார். தற்காலிக உதவியாளர் என்பது அவருக்குக் கொடுத்த பதவி. நூலகர் என்று மேலே ஒருவர் இருந்தார். அந்த நாற்காலிக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்ததால் யார் பெயரும் எனக்கு நினைவில் இல்லை. வேலை எல்லாம் இவர் தலையில். பொருளாதாரத்துக்கு ஒரு பாடப்புத்தகம், பதினெட்டு மாணவர்கள். கரும்பலகையில் கட்டம் போட்டு, யாருக்கு எந்த ஒரு மணி நேரம் என்று எழுதி வைப்பார். கெங்கவல்லியிலிருந்து பஸ் மாறி வரும் ஒரு பெண்ணுக்குக் காலை ஏழு மணிதான் கிடைத்தது. அவளுக்காக ஒரு வருஷம் முழுக்க ஆறே முக்காலுக்குக் கதவைத் திறந்தார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அதையும் அவரிடமே சொன்னேன்.

இனிக் கஞ்சிக்கு வருகிறேன்.

புத்தகம் வந்தால் அதற்கு எண் கொடுத்து, முதுகில் சீட்டு ஒட்டி, உள்ளே தேதித் தாளும் அட்டைப் பையும் ஒட்ட வேண்டும். ஒட்டுவது அவர் வேலை. அட்டையில் டைப் அடிப்பது என் வேலை. அலுவலகம் அனுப்பிய கோந்து, பங்குனி வெயிலில் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும். ஒட்டிய சீட்டுகள் சித்திரையில் சருகாக உதிரும். காலையில் கதவைத் திறந்தால் தரையெல்லாம் எண்கள் கிடக்கும். எந்த எண் எந்தப் புத்தகத்துக்கு என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை அவர் தூக்குப்போசியோடு வந்தார். சாப்பாடு என்று நினைத்தேன். திறந்தால் கஞ்சி. மரவள்ளிக் கிழங்கு மாவில் பதமாகக் காய்ச்சிய, பளபளவென்ற கஞ்சி. எங்கள் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் பஞ்சமில்லை. மாவு எங்கேயும் கிடைக்கும்.

"பாவுக்குப் போடற கஞ்சிங்க," என்றார், தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு முறுக்கேற்றத் தடவுகிற கஞ்சியைச் சொல்லி. "நூலு அந்தாலும் அந்து போகுமுங்க, கஞ்சி உடாதுங்க."

ஒட்டினார். உதிரவில்லை. அந்தக் கோடையில் ஒரு சீட்டுக்கூட விழவில்லை. நூலகர் பாராட்டினார். பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வந்து பக்குவம் கேட்டுப் போனார்கள். தண்டாயுதபாணிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கும் பெருமைதான். நானும் சேலம் அம்மாப்பேட்டைத் தறி வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டுச் சரக்கு பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சேலத்திலிருந்து பைண்டிங் வேலைக்குத் தங்கமுத்து என்று ஒருவர் வந்து போவார். அதிகம் பேசாதவர். அவர் கஞ்சியைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "துத்தம் போட்டீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"மயில்துத்தம் கொஞ்சம் கலக்காட்டிப் பூச்சி வந்துருமுங்க. மாவு அதுகளுக்குச் சோறு."

"துத்தம் வெசமுங்க," என்றார் தண்டாயுதபாணி. "நம்ம பசங்க எச்சி தொட்டுத்தானுங்க பக்கம் பொரட்டறாங்க. அதுக வாயில வெசத்தை வெக்கச் சொல்றீங்களா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் யாரை விட்டது? "எங்கப்பா நாப்பது வருசமாப் பாவுக்குக் கஞ்சி போடறாரு. ஒரு பூச்சியும் வந்து சேலையைத் தின்னதில்லைங்க" என்றேன்.

"அது சேலைங்கம்மா. இது புத்தகம்," என்று சொல்லிவிட்டுத் தங்கமுத்து புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. சேலை தறியை விட்டு இறங்கிச் சில நாளில் தண்ணீரில் விழுந்துவிடும். கஞ்சி கரைந்து போய்விடும். புத்தகத்தை யாரும் துவைப்பதில்லை. போட்ட கஞ்சி போட்டபடி வருஷக்கணக்காக உள்ளேயே இருக்கும். தறியைப் பார்த்திராதவன் ஒருவேளை சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பான். கஞ்சி வாசத்திலேயே வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

1977-இல் ஒரு நாள் வாசலில் டிராக்டர் வந்து நின்றது. மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிரெய்லரில், தார்ப்பாய் போட்டு மூடிய புத்தகங்கள். எண்ணூற்று நாற்பது. கூடவே ஓர் அம்மாள் இறங்கினார். பெயர் செல்லாயி. அவருடைய கணவர் நாச்சிமுத்து, மோகனூரில் தலைமையாசிரியராக இருந்து முந்தைய வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்த மூன்றாம் நாள் இறந்துபோனவர். மகன்கள் இருவரும் லாரி என்றும் கோழிப்பண்ணை என்றும் போய்விட்டார்கள். புத்தகங்களைக் கேட்பார் இல்லை.

"படிக்கறவங்க படிக்கட்டுமுங்க," என்றார் செல்லாயி அம்மாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ஓரத்துல அவரு எழுதி வெச்சிருக்காரு. வருசத்துக்கு ஒருக்கா வாரேன். அதை எடுத்துக் காட்டுனீங்கன்னாப் போதுமுங்க சாமி."

"எப்ப வேணும்னாலும் வாங்கம்மா. அதுக்கு நான் பொறுப்புங்க," என்றார் தண்டாயுதபாணி.

நாச்சிமுத்து வாத்தியார் நாட்குறிப்பு வாங்கமாட்டார், புத்தகம் வாங்குவார். அன்றாடம் மனதில் பட்டதை எல்லாம் கையில் இருக்கும் புத்தகத்து ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவிடுவார். கணக்குப் புத்தகத்து ஓரத்தில், 'ஆற்றில் வெள்ளம். பள்ளிக்கு மூன்று நாள் விடுமுறை. செல்லாயிக்குக் காய்ச்சல் இறங்கியது.' இலக்கணப் புத்தகத்தில், 'நேற்று நான் பேசியது தப்பு. செல்லாயி சொன்னதுதான் சரி. அவளிடம் சொல்லவில்லை.' மனைவியிடம் வாயைத் திறக்காத மனிதர், நாற்பது வருஷமாக ஓரங்களில் பேசிவைத்திருந்தார். அந்த அம்மாள் அதையெல்லாம் அவர் இறந்த பிறகுதான் பார்த்தாராம்.

பழைய தாள். ஓரங்கள் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கின. எழுத்து இருப்பதோ ஓரத்தில். தண்டாயுதபாணி மெல்லிய வெள்ளைத் தாளை வாங்கி, நீளநீளமாக நறுக்கி, கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஒவ்வொரு பக்கத்து ஓரத்துக்கும் பின்னால் தாங்கு கொடுத்து ஒட்டினார். ஒன்றரை வருஷம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து ஒட்டினார். ஒட்டும்போதே படித்துப் படித்து, அந்த வாத்தியாரின் குறிப்புகள் எல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. மற்ற புத்தகங்களில் முதுகிலும் முதல் பக்கத்திலும் மட்டும் கஞ்சி. இந்த எண்ணூற்று நாற்பதில் பக்கத்துக்குப் பக்கம் கஞ்சி. வேறு எந்தப் புத்தகத்துக்கும் அவர் அவ்வளவு அக்கறை காட்டவில்லை.

கண்ணாடிக் கதவு போட்ட தனி அலமாரி ஒன்று தேடிப் பிடித்து அதில் அடுக்கினார். பூட்டினார். மாணவர்கள் கை பட்டால் எழுத்து அழியும் என்று யாருக்கும் கொடுக்கவில்லை. சாவி அவர் இடுப்பில்.

ஆடிப்பெருக்கு முடிந்த மூன்றாம் நாள் செல்லாயி அம்மாள் மோகனூரிலிருந்து பஸ் ஏறி வருவார். கையில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இருக்கும். நாங்கள் எடுத்துக் கொடுக்கும் புத்தகத்தை மடியில் வைத்து, எழுத்துக்கு அடியில் விரலை நகர்த்தி, உதடு அசைய மெதுவாகப் படிப்பார். சில இடங்களில் சிரிப்பார். ஒரு தடவை, "பாரு, என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காருன்னு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நாலு வருஷம் தவறாமல் வந்தார். அவர் வந்துபோன நாளில் தண்டாயுதபாணி வேறு ஆளாக இருப்பார். பேச்சில் ஒரு கனிவு இருக்கும்.

1979-இல் வளாகத்துக்குச் சொந்த நிலம், சொந்தக் கட்டடம். கல்லும் முள்ளுமாகக் கிடந்த பூமியில் இரண்டு மாடி நூலகம் எழுந்தது. பச்சை ரேக்குகளைக் கழித்துவிடச் சொன்னார்கள். தண்டாயுதபாணி சண்டை போட்டு அவற்றையும் கொண்டுவந்தார். பத்தாயிரம் புத்தகம் இருபதாயிரம் ஆனது. வாசிப்புக் கூடத்தில் உட்கார இடம் இல்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தார்கள். மோகனூர் அலமாரியை மட்டும் வடபுறத்துப் பின்னறையில் வைத்தோம். வெயில் படாத இடம், பத்திரமாக இருக்கும் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். வருஷா வருஷம் நான் ஆண்டறிக்கை டைப் அடிப்பேன். 'நன்கொடை நூல்கள் நல்ல நிலையில் உள்ளன' என்பது அதில் ஒரு வரி. போன வருஷத்து அறிக்கையைப் பார்த்து அப்படியே அடித்துவிடுவேன்.

1982 மே மாதம், விடுமுறையில் தூசி தட்டுகிறோம். அவர் அலமாரியைத் திறந்தார். சத்தமே இல்லை. என்ன என்று போய்ப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு புத்தகம். அச்சடித்த பகுதி அப்படியே இருந்தது. ஓரத்தைத்தான் காணோம். இராமபாணப் பூச்சிகள் வெள்ளி வெள்ளியாக நெளிந்து ஓடின. கரப்பான் எச்சம் வேறு. கஞ்சி போட்ட இடத்தை மட்டும் தேடித் தேடித் தின்றிருந்தன. கடையில் எங்கே வேண்டுமானாலும் வாங்கக் கிடைக்கிற அச்சு பத்திரமாக இருந்தது. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதியாக இருந்த பென்சில் எழுத்து போய்விட்டது.

"நான் போட்ட கஞ்சியத்தான் தின்னிருக்குதுங்க," என்றார்.

எல்லாம் போய்விடவில்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். மேல் தட்டுகள் இரண்டும்தான் பாழ். கீழ்த் தட்டு முழுக்க நன்றாக இருந்தது. நடுத்தட்டிலும் பாதி தேறும். வெளியே இருந்த புத்தகங்கள் கை மாறிக் கை மாறி, தூசி தட்டப்பட்டு, வெயில் வெளிச்சம் கண்டு பிழைத்துக்கொண்டன. பூட்டி வைத்ததுதான் மாட்டிக்கொண்டது. அன்றே நூலகரிடம் சொல்லி, சேலத்திலிருந்து மருந்தடிக்கிற ஆளை வரவழைத்து, நல்லதைத் தனியாகப் பிரித்திருந்தால் இருநூறு முந்நூறு புத்தகமாவது மிஞ்சியிருக்கும்.

"நூலகர்கிட்டச் சொல்லிடலாமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

எட்டு வருஷமாகத் தற்காலிகத்திலேயே கிடந்தவர். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு அப்போது கையெழுத்துக்குப் போயிருந்தது. விஷயம் வெளியே வந்தால் மெமோ வரும், விசாரணை வரும், உத்தரவு நின்றுபோகும். நான் டைப் அடித்த 'நல்ல நிலையில்' என்ற வரியும் விசாரணைக்கு வரும். அந்தப் பயமும் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

"உத்தரவு வரட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்," என்றேன்.

அவர் எழுந்து அலமாரியைப் பூட்டினார்.

ஆடியில் செல்லாயி அம்மாள் வந்தார். தண்டாயுதபாணி முகத்தில் ஈயாடவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள், "புத்தகமெல்லாம் பைண்டிங்குக்குப் போயிருக்குதுங்கம்மா, அடுத்த வருசம் வந்துரும்" என்று சொன்னது நான்தான். அந்தப் பொய்யை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. டைப் அடிப்பது மாதிரி சரளமாக வந்தது. அந்த அம்மாள், "அப்படிங்களா, நல்லா செய்யட்டுமுங்க" என்று கச்சாயத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

தையில் உத்தரவு வந்தது. அப்போதாவது சொன்னோமா? சொல்லவில்லை. இப்போது சொன்னால் இவ்வளவு நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார்களே. ஒரு மாதம் தள்ளினோம், இன்னொரு மாதம் தள்ளினோம். அலமாரியைத் திறக்க அவருக்குத் தைரியம் இல்லை. கதவிடுக்கில் அந்துருண்டையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். பூட்டின கதவுக்குள் பூச்சிகளுக்குத் தொந்தரவே இல்லை.

1983 ஆடி. "பைண்டிங்குக்கு இம்புட்டு நாளாகுமுங்களா?" என்று கேட்டார் செல்லாயி அம்மாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஒண்ணாச்சும் வந்திருக்குமுங்களா சாமி? ஒண்ணைப் பாத்தாப் போதும்." தண்டாயுதபாணி என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் வரலீங்கம்மா" என்றேன். கீழ்த் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒன்றைக் கொடுத்தால் மற்றதைக் கேட்பாரே என்று பயம். அந்த அம்மாள் கொடுத்துப்போன கச்சாயத்தை அன்று தண்டாயுதபாணி தொடவில்லை. நான் தின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அடுத்த ஆடியில் செல்லாயி அம்மாள் தனியாக வரவில்லை. மகள் பாவாயி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஐப்பசியில் ஒரு கண் போனது, மாசியில் அடுத்த கண்ணும் போய்விட்டது, கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்று டாக்டர் சொன்னார் என்றாள். அம்மாளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

"இனி எனக்குப் படிக்க முடியாதுங்க," என்றார் செல்லாயி அம்மாள். "நீங்க படிங்க சாமி, நான் கேக்கறேன். புத்தகம் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்கம்மா," என்றார் தண்டாயுதபாணி.

பின்னறைக்குப் போனார். நானும் போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அலமாரி திறந்தது. கீழ்த் தட்டும் போயிருந்தது. எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் ஓரம் மாவாக உதிர்ந்தது. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். ஓரம் இல்லாத பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிப்பதுபோல மனதிலிருந்து சொன்னார்.

"'மார்கழி பத்து. பாவாயி இன்று நடக்கத் தொடங்கினாள். நான் கை நீட்டினேன். என்னிடம் வரவில்லை. அவள் அம்மாவிடம் போனாள்.'"

அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம், தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். இப்படியே ஆயுசுக்கும் ஓட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"அவரு பென்சில அழுத்தித்தானுங்க எழுதுவாரு. தடவுனாத் தெரியும்," என்று கையை நீட்டினார். தண்டாயுதபாணியால் புத்தகத்தை இழுத்துக்கொள்ள முடியவில்லை. விரல் அச்சைத் தாண்டி ஓரத்துக்கு வந்தது. வந்த இடத்தில் தாள் இல்லை. இன்னும் கொஞ்சம் தடவினார். பக்கத்தைப் புரட்டி, அடுத்ததையும் தடவினார்.

"ஓரத்தையே காணமே சாமி."

தண்டாயுதபாணி எல்லாவற்றையும் சொன்னார். கஞ்சியைச் சொன்னார். பூச்சியைச் சொன்னார். பைண்டிங் என்று சொன்னது பொய் என்றார். என் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"எப்ப இருந்துங்க?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்கம்மா. அப்பப் பாதி நல்லாத்தான் இருந்துச்சுங்க. போன வருசங்கூடக் கொஞ்சம் இருந்திருக்குமுங்க." பிறகு அவசரமாக, "எனக்கு அத்தனையும் மனப்பாடமுங்கம்மா. எல்லாத்தையும் எழுதிக்கிட்டு உங்க ஊட்டுக்கே வந்து படிச்சுக் காட்டறனுங்க" என்றார்.

"அதுல இருக்கற சொல்லு எனக்கும் தெரியுமுங்க சாமி. நாலு வருசம் படிச்சவதான நானு," என்றார் செல்லாயி அம்மாள். "அவரு எழுத்தைப் பாக்கறதுக்குத்தானுங்க வந்துட்டிருந்தேன்."

புத்தகத்தை மூடி, மடியிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"போன ஆடிக்கு எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுதுங்களே."

தண்டாயுதபாணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாவாயி தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.